ரப்பர் நூற்றாண்டு ஒரு வெள்ளி

பால்மரக்காட்டிலிருந்து அப்பா திரும்பும்போது, அவருக்கு முன்பே உறைந்துபோன ரப்பர் பாலின் புளித்த நாற்றம் எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஒருநாள் அந்த நாற்றமடிக்கும் சட்டைப்பையிலிருந்து பளபளக்கும், ஒரு வெள்ளி மதிப்புள்ள நாணயத்தை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். இந்த நாட்டுக்கு ரப்பர் வந்து நூறாண்டு நிறைந்ததற்காக அரசாங்கம் வெளியிட்ட நாணயம். காலைப் "பெரட்டில்" பேர் கூப்பிட்டு முடித்தபின், பழைய பால்வெட்டுக்காரர்களுக்குத் தோட்டத்துத் துரை ஆளுக்கொன்று கொடுத்தாராம்.

அப்பா அதைச் சாமிப் படங்களுக்கு நடுவே வைத்தார். காசை நம்பாத மனிதர் அவர். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அவன் அச்சடித்து, தாத்தா சேர்த்துவைத்த "வாழைமரத்து நோட்டு" குப்பையானதையும், பின்னாளில் ராணி தலை போட்ட பணம் செல்லாமல் போய் நம் நாட்டு வெள்ளி வந்ததையும் பார்த்தவர். ஆனால் இதைப் பற்றி மட்டும், "இது செலவு பண்ற காசு இல்ல புள்ள. நாம இங்க ஒழைச்சதுக்கு அரசாங்கமே அடிச்ச சாட்சி" என்பார்.

சாட்சி அவருக்குத் தேவைப்பட்டது. அதே தோட்டத்தில் பிறந்தும், பிறப்பைப் பதிந்தவர் யாருமில்லாததால், குடியுரிமை இல்லாதவர்களுக்கான "செவப்பு ஐசி" அடையாள அட்டைதான் அவர் கையில் இருந்தது. குடியுரிமைக்குப் போட்ட மனுவெல்லாம் திரும்பி வந்தது. கடைசி முறை என்னையும் அழைத்துக்கொண்டு பட்டணத்து அலுவலகத்துக்குப் போனபோது, மேசைமேல் அந்த நாணயத்தை எடுத்து வைத்தார். அங்கே எழுத்து வேலை பார்த்த தமிழ்க் கிராணி அதைப் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது வெறும் ஒரு வெள்ளிலா. பொறப்புப் பத்திரம் இருக்கா?"

"நான் பொறந்தத பாத்தவங்க எல்லாம் செத்துட்டாங்க தம்பி."

"அப்ப நான் ஒன்னும் செய்ய முடியாதுண்ணே."

வெளியே வந்த அப்பா, எதிர்க்கடையில் எனக்கு ஐஸ் தண்ணீர் வாங்கி, அந்த நாணயத்தையே நீட்டினார். கடைக்காரர் அதைப் பார்க்காமலே பெட்டியில் போட்டுக்கொண்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தார். அதன்பின் அந்த மனுவைப் பற்றி அப்பா எப்போதுமே பேசவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார். இறப்புப் பத்திரத்திலும் அவர் இந்நாட்டவர் அல்ல. தோட்டத்து இடுகாட்டில் புதைத்தோம். சில வருடங்களில் தோட்டமே விலைபோய், லயங்களை இடித்து எங்களையும் வெளியேற்றினார்கள்.

இப்போது நான் பக்கத்திலேயே, புக்கிட் செந்தோசா என்ற ஊரில் இருக்கிறேன். பால்மரங்கள் இல்லை, பெரட்டுக் களம் இல்லை. அந்த இடுகாடும் புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டைக்குள் எங்கோ மறைந்துவிட்டது. என் மகள் அங்கேதான் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறாள்.

"தாத்தாவ எங்கேம்மா பொதைச்சீங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ரொம்ப தூரம்மா," என்றேன்.