பலா மரத்துக்கு அடியில் நான்கு பேர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜவ்வாது மலையில் புதூர்நாட்டைத் தாண்டி இருக்கும் ஒரு சிற்றூரில் நடந்தது இது. நான் ஒடுகத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர். அந்த ஊர் சமுதாயக்கூடத்தின் நீளச் சுவரில் ஊர்க்காரர்களே படம் தீட்டப்போகிறார்கள், பயிற்சி கொடுக்க முடியுமா என்று ஒரு குழுவினர் கேட்டார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஜீப்பில் ஏறிப் போனேன். முதல் நாளே, பெரிய மனிதன் மாதிரி ஒரு வாக்கும் கொடுத்தேன். "இது உங்க சுவருங்க. நீங்க போடறத யாரும் அழிக்க மாட்டாங்க."

சாமைக் கதிர், புளி உலுக்குவது, கரடி என்று அவரவர் மனசுக்கு வந்ததைப் போட்டார்கள். முப்பது வயதிருக்கும் ஒரு பெண் மட்டும் மூன்று வாரம் பழைய செய்தித்தாளில் ஆண்களின் கால்களையே போட்டுப் பழகினார். சுமையோடு சரிவில் இறங்கும் கால்கள். கெண்டைக்கால் முறுக்கு அப்படியே வந்திருந்தது. "கால் பிரமாதம்மா" என்று பாராட்டினேன். யாருடைய கால் என்று கேட்கத் தோன்றவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மத்தியானம் எல்லோரும் சாமை அறுக்கப் போய்விட்டார்கள். நான் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண்ணின் இடத்தில், நான்கு பேர் தோளில் ஒரு மூங்கில் கழி. அதில் தொங்கும் துணிக்குள் சுருண்ட ஓர் உருவம். ரோடு இல்லாத ஊர்களுக்குப் பிணத்தை இப்படி டோலி கட்டித் தூக்கிப் போவதைப் பேப்பரில் பார்த்திருக்கிறேன். எனக்குப் பகீரென்றது. காலையில் அதிகாரி வந்து ரிப்பன் வெட்டும்போது நடுச்சுவரில் பிணமா? அபசகுனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. எனக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்பதுதான் பயம். வெள்ளை அடித்து, காய்ந்ததும் மேலே ஒரு பலா மரம் போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாக வந்திருக்கிறதென்று செல்போனில் படம்கூட எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் தன் மகளோடு வந்தார். கூடவே துவைத்த சட்டை போட்ட நான்கு ஆண்கள். சுவரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார். "இன்னாம்மா, எங்களப் போட்டிருக்கன்னு சொன்ன, காணோமே?"

அந்தப் பெண் பலா மரத்தின் முன்னால் போய் நின்றார். நான் போய், "பொணம் போற மாதிரி இருந்துச்சும்மா, அதான்..." என்று இழுத்தேன்.

"பொணம் இல்லீங்க சார், அது நானு. இவ வயித்துல இருந்தா. மழையில ஜீப்பு வரல. இவங்க நாலு பேருதான் வூட்லருந்து என்னைத் தூக்கிக்கினு எறங்கினாங்க. பாதி வழியிலயே இவ பொறந்துட்டா." பிறகு, "அழிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே சார்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நால்வரில் மூத்தவர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "வுடும்மா, சாரு நல்லாத்தான் போட்டிருக்காரு. ஆனா சார், பலா இப்படிக் கிளை நுனியில காய்க்காதுங்க. அடிமரத்துலதான் காய்க்கும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

அதைவிட மோசமானது பிறகு நடந்தது. அதிகாரி வந்து அந்த மரத்தின் முன்னால்தான் படம் எடுத்துக்கொண்டார், எனக்குச் சால்வை போர்த்தினார். நடந்ததைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கூட்டத்தில் அந்தப் பெண்ணும் அந்த நால்வரும்கூடக் கைதட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பெயிண்ட் டப்பாக்களோடு போய், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, நானே திரும்ப வரைந்து தருகிறேன் என்றேன். "நீங்க வேணாங்க சார். நானே போட்டுக்கறேன், டப்பாவ மட்டும் புடிங்க" என்றார். பலா மரத்துக்கு வெள்ளை அடித்து, காய்ந்ததும் வரைய ஆரம்பித்தார்; நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டோலி வந்தது, மூங்கில் வந்தது. கால்கள் மட்டும் பழையபடி வரவில்லை. மூன்று தரம் துடைத்துப் போட்டுவிட்டு, "அந்தக் காலு வரமாட்டேங்குது சார்" என்று தூரிகையைக் கீழே வைத்தார்.

இப்போதெல்லாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் படத்தில் கை வைக்கும் முன் "இது யாரு?" என்று கேட்கிறேன், கேட்கும் ஒவ்வொரு முறையும், அந்தச் சுவரில் நான் அழித்த எட்டுக் கால்களும் கண்முன் வந்து தலையைக் குனிய வைக்கின்றன.