பலகைக்கு வெளியே நீண்ட விரல்கள்

தங்கையின் இரண்டாம் கால்விரல் பெருவிரலைவிட நீளம். அப்படிப்பட்ட பெண் கணவனை அடக்கி ஆள்வாள் என்று அம்மாவும் பெரியம்மாவும் நம்பினார்கள், நானும் நம்பினேன். மாப்பிள்ளை வீட்டாரை லண்டன் வெஸ்ட் ஈலிங் கோயிலில் சந்தித்த அன்று, சப்பாத்தைக் கழற்றியாக வேண்டிய இடமாயிற்றே என்று, அம்மா அவளுக்குச் சேலையை நிலம் தொடத் தாழ்த்திக் கட்டினார். அவர்கள் வேண்டாம் என்றார்கள்; காரணம் சொல்லவில்லை. அதை அவளுடைய காலில் தேடியவர்கள் நாங்கள்தான். பிறகு அவளுக்குச் சப்பாத்து வாங்கும்போதெல்லாம் ஓர் அளவு குறைத்தே கேட்டேன்.

நாற்பது வயதில் அவள் பனிச்சறுக்குப் பலகையில் ஏறினாள். வேலையிடத்துத் தோழிகளோடு கூரையிட்ட பனிச்சரிவு ஒன்றுக்கு ஒருமுறை போனவள், சனிக்கிழமைதோறும் போகத் தொடங்கினாள். பலகையைச் சாய்த்து, விளிம்பால் பனியைக் கீறியபடி வளைந்து இறங்க வேண்டும்; அவ்வளவுதான் அவளுடைய ஆசை. ஆனால் நன்றாகச் சாயும்போதெல்லாம் பலகைக்கு வெளியே நீண்டிருந்த பூட்ஸ் நுனி பனியில் இடித்தது. இரண்டாம் முறை விழுந்தபோது மணிக்கட்டு வீங்கியது.

"இன்னொருக்கா விழுந்தா விட்டிடுவன் அக்கா," என்றாள்.

வேறெதையும் அவள் இத்தனை ஆசையோடு செய்து நான் கண்டதில்லை. அந்த வார்த்தை என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

அவளுக்குப் பொருந்தும் பூட்ஸ் வாங்க, அவளுடைய பலகையையும் எடுத்துக்கொண்டு தோர்ண்டன் ஹீத்தில் ரயிலேறினோம். அவள் இருக்கையில் இருந்தாள், எழுந்தாள், கதவருகே போய் நின்றாள். கடையில் பூட்ஸ் பொருத்தும் பெண் அளவு கேட்டதும், பழக்கத்தில் நான் "ஆறு" என்றேன். அந்தப் பெண் காலுறையைக் கழற்றி அளவுத்தட்டில் நிற்கச் சொன்னாள்.

"ஏலாது. நான் கழட்டமாட்டன்," என்றாள் தங்கை, தமிழில்.

"அவ வெள்ளைக்காரி. எங்கட கதையெல்லாம் அவவுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுந்தானே!"

நான் குனிந்து காலுறையைத் தொட்டேன். அவள் தடுக்கவில்லை; கழற்றினேன். விரல்கள் மடங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. அளவு ஏழு.

"சின்னனா எடுத்தா நுனி வெளியில வராதுதானே?" என்று தங்கை என்னைக் கேட்டாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் மறுத்தாள். பூட்ஸ் காலுக்குப் பொருந்த வேண்டும்; நுனி நீண்டால், பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கின் அடியில் தட்டு வைத்துக் காலை உயர்த்தலாம் என்றாள்.

பூட்ஸ்களை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பலகையில் நின்று பார்த்தாள். மிக விறைப்பான சோடியில் கணுக்கால் அசையவேயில்லை. "சீமெந்துக்குள்ள நிக்கிறன்," என்று தங்கை சிரித்தாள். மென்மையானதில் அவளுடைய சாய்வு பலகையின் விளிம்புவரை போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவிலான விறைப்பை எடுத்தாள். மெல்லிய தட்டை வைத்துப் பலகையைச் சாய்த்தபோது நுனி கடைக் கம்பளத்தில் முட்டியது. அடுத்த தடிப்பில் முட்டவில்லை. அதற்கும் மேலே உயர்த்தினால் கால் தளம்பும் என்பதால் அதோடு நிறுத்தினோம்.

அடுத்த சனிக்கிழமை பனிச்சரிவில், பார்வையாளர் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். தேநீர் கையிலேயே ஆறியது. அவள் சாய்ந்தாள்; விழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கடந்துபோன பிறகு, பனியில் மெல்லிய கோடொன்று அறுபடாமல் வளைந்து கிடந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் மீண்டும் மேலே போனாள்.

அம்மாவும் பெரியம்மாவும் இன்று இல்லை. நம்பியவர்களில் மிஞ்சி, வீட்டில் நான் இருக்கிறேன். ஏழாம் அளவுச் சப்பாத்தோடு அவளும் இருக்கிறாள்.