நீலக் கோட்டும் சோட்டுவும்

சரிதாவுக்கு ஓரிடத்தில் நிலையாக உட்காரத் தெரியாது. ஓசூர் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடியே ஸ்க்ரூ முடுக்குவாள். ஜவளகிரிக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸிலும் அவள் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். இன்றைக்கு வீட்டு நாய் சோட்டு என்ன வம்பை இழுத்து வைத்திருக்கிறதோ என்ற நினைப்புதான்.

பயப்படக் காரணம் இருந்தது. போன வருஷம் அந்த நாய், கொல்லை நிலத்தில் ராகி தின்ற யானையைக் குரைத்துச் சீண்டியது. யானை துரத்தியதும் நாய் நேராகப் பக்கத்துக் கொல்லைக் கங்கப்பனிடம் ஓடியது. பின்னாலேயே யானையும் வந்தது. கங்கப்பன் கால் முறிந்ததோடு தப்பினார்.

"பொங்கலுக்குள்ள அது சொன்ன பேச்சு கேக்கணும். இல்லன்னா குந்தாரப்பள்ளில எங்கக்கா வூட்ல வுட்டுட்டு வந்துருவேன்" என்று அவள் கணவன் ராஜ்குமார் கறாராகச் சொல்லிவிட்டான்.

பஸ்ஸில் வரும்போது செல்போனில் வீடியோ பார்த்து, சோட்டுவை அவளே பழக்கினாள். அடிக்கவில்லை, அதட்டவில்லை. நாக்கைச் சொடுக்குவாள்; நாய் அவள் முகத்தைப் பார்த்த நொடியே வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டு. விடியற்காலையில் பஸ்ஸுக்கு நடக்கும் கால் மணி நேரம்தான் பாடம். முதலில் கோழி ஓடும்போது, பிறகு மாடு குறுக்கே வரும்போது. மார்கழியில் ஒரு நாள் சோட்டு முயலையே விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. அன்று சரிதாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே ஒற்றை யானை கொல்லைக்குள் வந்துவிட்டது. ராகிப் போர் பக்கத்தில் ராஜ்குமார் மூச்சுவிடாமல் நின்றான். சோட்டு குரைத்துக்கொண்டு பாய்ந்தது. யானை துரத்தினால் நாய் அவனிடம்தான் ஓடும்.

வாசலிலிருந்து சரிதா சொடுக்கினாள். நாய் காதைக்கூட அசைக்கவில்லை. மறுபடியும் சொடுக்கினாள். யானை ஓரடி முன்னால் வைத்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாரத்தில் ஆறு நாளும் கம்பெனியின் நீலக் கோட்டு போட்டிருந்தபோதுதான் ஈரல் கொடுத்திருக்கிறாள். நைட்டியில் நிற்பவள் சொடுக்கி ஈரல் கொடுத்து அந்த நாய் எப்போது கண்டது? மண்டு, மண்டு என்று தன்னையே திட்டிக்கொண்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த கோட்டை உருவி ஈரத்தோடு மாட்டினாள். பஸ்ஸுக்குப் போகும் பாதையில் நாயின் கண்ணில் படும்படி நின்று சொடுக்கினாள்.

சோட்டு குரைப்பை நிறுத்தித் திரும்பியது. ஓடி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தது. யானை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு வாய் ராகியைப் பிடுங்கிக்கொண்டு காட்டுப் பக்கம் நகர்ந்தது.

சரிதா கோட்டுப் பையில் கைவிட்டாள். துவைத்த கோட்டில் ஈரல் ஏது? நாய் அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தது. உடனே கொடுக்காவிட்டால் பழக்கியதெல்லாம் வீண்.

"ஏங்க, கறி எடுத்துட்டு வாங்க! சீக்கிரம்!"

போர் பக்கத்திலிருந்து ஓடி வந்த ராஜ்குமார் நேராக அடுப்படிக்குள் போனான். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புச் சட்டியோடு எட்டிப் பார்த்தான்.

"காரமா கீதே சரிதா, கழுவிக் குடுக்கட்டுமா?"