தோளில் வைத்த பொம்மைத் துப்பாக்கி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, காலாண்டு விடுமுறையில் வேதாரண்யத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது.

தஞ்சாவூரில் நானும் என் கணவரும் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறோம். வேளாங்கண்ணி திருவிழாக் கடையில் எங்கள் மகள் ஒரு பொம்மைத் துப்பாக்கி வாங்கினாள். ஸ்பாஞ்ச் குண்டு பாயும், பட்டால் வலிக்காது. ஆனால் கை ஆடுவதால் குறி தவறிக்கொண்டே இருந்தது. கடையில்தான் எல்லாம் கிடக்கிறதே என்று துண்டு பைப்பும், பைப்பை வளைத்துச் சேர்க்கிற எல்போவும், 'T' வடிவ இணைப்பு ஒன்றும் எடுத்தேன். தோளில் முட்டுக் கொடுத்துப் பிடிக்கிற மாதிரி பின்பக்கம் ஒரு கட்டை செய்து பசை போட்டு ஒட்டினேன். ஆரஞ்சும் பச்சையுமாக இருந்த துப்பாக்கி முழுக்கக் கறுப்பு டேப் சுற்றினேன். "அம்மா, நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கு" என்று அவள் குதித்தாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

வேதாரண்யத்துக்கும் அது வந்தது. நாத்தனார் வீட்டுக் கொல்லையில், மதில்மேல் பாட்டில்களை அடுக்கி மகள் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாக மீன் கொண்டுவருகிறவர் பெட்டியோடு கொல்லைக் கதவைத் திறந்தார். நாற்பது வயது இருக்கும். சத்தம் கேட்டு மகள் துப்பாக்கியோடு திரும்பினாள். விளையாட்டாக அவரைக் குறிபார்த்து, "அசையாதீங்க" என்றாள்.

பெட்டி கீழே விழுந்தது. அவர் அப்படியே குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டார். ஐஸும் இறாலும் மண்ணில் சிதறின.

குழந்தையோடு சேர்ந்து அவரும் நடிக்கிறார் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். வீடியோவைக்கூட நிறுத்தவில்லை.

மகள் சிரிக்கவில்லை. துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், "மாமா, பொம்மைதான் மாமா" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. பிடரியிலிருந்து கைகளை எடுக்கவும் இல்லை. சத்தம் கேட்டு வந்த நாத்தனார், "சிரிக்காதீங்க அண்ணி" என்று என்னைத் தாண்டி ஓடி, அவர் தோளைத் தொட்டு மெல்ல எழுப்பி உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் யாரையும் பார்க்காமல், இறாலைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

பிறகுதான் சொன்னாள். சில வருடங்களுக்கு முன்பு கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, ரோந்து வந்த கடற்படைக்காரர்கள் இவருடைய படகைத் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவருடைய தம்பி படகிலேயே இறந்துபோனார். அன்றிலிருந்து இவர் கடலுக்குப் போவதில்லை. மற்றவர்கள் பிடித்துவருவதை வாங்கி விற்கிறார்.

சாயங்காலம் மகளோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலி போட்டு டீ கொடுத்தார். "மன்னிச்சிருங்க அண்ணே, எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னேன்.

"பாப்பா மேல ஒண்ணும் இல்லம்மா" என்று மகள் தலையைத் தடவினார். பிறகு, "கையில புடிச்சிருந்தா வெளாட்டு சாமான்னு தெரிஞ்சிருக்கும். தோள்ல வச்சு, ஒரு கண்ண மூடிக்கிட்டு பாத்துச்சா..." என்றவர், எழுந்து உள்ளே போய்விட்டார்.

வாசல்வரை வந்த அவர் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னார்: "வர்ற திங்கக்கெழமை கடலுக்குப் போறேன்னு அவரே சொல்லியிருந்தாருங்க. இப்பதான் மனசு தேறியிருந்துச்சு. இனிமே நான் அவரப் போகச் சொல்ல மாட்டேன்."

அந்தத் திங்கட்கிழமை அவர் போகவில்லை. இன்றுவரை போகவில்லை என்று நாத்தனார் சொல்கிறாள். ஊருக்கு வந்ததும் அந்தக் கட்டையை அறுத்து எறிந்தேன். மகள் அதன்பிறகு அந்தத் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

அவர் என்னைத் திட்டியிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. நான் சிரித்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம், மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தவருக்கு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்பதைத்தான் இன்னும் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.