பைக்கில் உட்கார்ந்த பழக்கம்

கல்யாண ஊர்வலத்துக்கு என் வீட்டுக்காரர் வளர்த்த குதிரை மல்லி. அவர் தவறிய பிறகு நான்தான் ஏறி ஓட்டுகிறேன்.

சேணம் இடதுபக்கமே சரிந்து, மல்லியின் முதுகு தேய்ந்து தோல் சிவந்துவிட்டது. பாவம், விற்றுவிடலாம் என்றிருந்தேன்.

இன்று மாரண்டஹள்ளியில் குதிரை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, வூட்டுக்காரர் பின்னாடி பைக்குல ஒருபக்கமா உக்காந்த மாதிரியே குதிரையிலயும் சாஞ்சிருக்கீங்களே! ரெண்டு கால்லயும் சமமா ஊனுங்க."

சேணத்தில் அமுங்கிய பக்கம் பஞ்சும் அடைத்துத் தந்தார். ஒரு சுற்று வந்தேன். சரியவில்லை. "தோலு ஆறட்டும், அதுவரைக்கும் ஏறாதீங்க" என்றார். மல்லியை நடத்தியே கூட்டிவந்தேன். இனி விற்கமாட்டேன். அந்த அண்ணன் நன்றாக இருக்கட்டும்.

பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு தோள் இல்லாமல் நேராக உட்காருவதுதான் கஷ்டம். பழகியவர்கள் சொல்லுங்கள், நேராக உட்கார்ந்த ஒரு சுற்றுக்கே வந்த இந்த இடுப்புவலி எப்போது போகும்?