நியூசிலாந்து போக ஒரு கம்ப்யூட்டர்

இரண்டாயிரமாம் ஆண்டில் ஃபிஜித் தலைநகர் சுவாவில், இந்திய வம்சாவளிப் பிரதமரைப் பிடித்துவைக்கப் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்த சில வாரங்களில், லவுட்டோகாவில் பலருக்கும் மென்பொருள்மீது தீராத காதல் வந்துவிட்டது. தையல்கடை மாடியில் அலுவலகம் திறந்த குடியேற்ற ஏஜெண்ட் ஒருவர், நியூசிலாந்துக்காரர்கள் புரோகிராமர்களுக்கு அதிகப் புள்ளி போடுகிறார்கள் என்று சொல்லியிருந்தார். நான் ஒரு புரோகிராமர். அதுவரை நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டே பார்க்காத சொந்தக்காரர்கள், கோயிலில் என் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார ஆரம்பித்தார்கள்.

அக்காள் புருஷன் சுற்றி வளைக்கவில்லை. "மச்சான், நாளைக்கு லீவு போடு. கம்ப்யூட்டர் வாங்கணும்" என்றார்.

"எதுக்கு மாமா?"

"புரோகிராமர் ஆவறதுக்கு."

அவருக்கு நாற்பத்தாறு வயது. பக்கத்து ஊரான லோவுவில் கரும்பு விவசாயம். வானொலிப் பெட்டியில் நிலையம் மாற்றவே அக்காளைக் கூப்பிடுவார். ஆனால் அவரைக் கேலி செய்யும் நிலையில் நான் இல்லை. நிலத்தின் குத்தகை முடிய ஐந்து பருவம்தான் இருந்தது. இனிப் புதுப்பிக்க மாட்டோம் என்று நிலத்துக்காரர்கள் வீடு தேடி வந்து, ஒரு கூடை டாலோ என்னும் சேப்பங்கிழங்கைத் தின்னக் கொடுத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் நாங்கள் மூவரும் கடைக்குப் போனோம். அக்காள் ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர். கடைக்குப் போய்விட்டு அப்படியே மீன் வாங்கலாம் என்று கூட வந்தாள்.

புரோகிராம் எழுத எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வேண்டும் என்று நான் முந்தின நாளே ஒரு தாளில் எழுதியிருந்தேன். நினைவகம் கூடுதலாக இருக்கட்டும், கண்ணை உறுத்தாத திரை, நல்ல விசைப்பலகை. மலைமேல் மின் நிலைய அணையைச் சிலர் கைப்பற்றிய கலாட்டாவால் மின்சாரம் நினைத்தபோது போய்க்கொண்டிருந்ததால் பேட்டரிப் பெட்டி கட்டாயம். மாமா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடையிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கடைசியில் இருப்பதிலேயே கனமான ஒன்றைத் தூக்கிப் பார்த்துத் திருப்தியானார்.

"இது புயல்ல பறக்காது" என்றார்.

அது இரண்டு வருடம் பழைய மாடல். விற்காமல் கிடந்ததைத் தானே முன்வந்து ஒருவர் தூக்கியதில் கடைக்காரருக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். நன்றிக்கடனாக எதிர்காலத்தையும் இலவசமாகச் சொன்னார். "இன்னும் அஞ்சு வருஷத்துல புரோகிராம் எழுத ஆளே வேணாம். படத்தை இழுத்து இழுத்து வெச்சா போதும், மிச்சத்தை அதுவே எழுதிக்கும்."

மாமா பெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப என் புள்ளி என்ன ஆவும்?"

"அதுவே எழுதட்டும். தப்பா எழுதினா யாரு பாக்கறது?" என்று கேட்டாள் அக்காள்.

கடைக்காரர் அவளை விட்டுவிட்டு மாமா பக்கம் திரும்பினார். இரண்டு ஒலிபெருக்கிகளை இனாமாகத் தருவதாகச் சொன்னார். வியாபாரம் முடிந்தது. என் தாளிலிருந்த பேட்டரிப் பெட்டியை மட்டும் சண்டை போட்டு வாங்க வைத்தேன்.

பாடம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடந்தது. எங்கள் மூவரிடமும் வீட்டுப் பேச்சளவுக்குத்தான் தமிழ் மிச்சமிருந்தது. 'இந்த நிபந்தனை பொய்யானால் அந்த வரிக்குப் போ' என்பதை அதில் சொல்லிக்கொடுக்க முடியாமல் இந்திக்குத் தாவுவேன், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு. மாமா எல்லா மொழியிலும் தலையாட்டினார். நான்காவது வாரம் அவருக்கு முதுகு வலி வந்தது. ஐந்தாவது வாரம் கிராக் என்கிற கவா வேர்ச்சாறு குடிக்கக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரரின் மனம் நோகக்கூடாது என்று போய்விட்டார். நான் கிளம்பலாமென்று எழுந்தபோது, மீன் கழுவிக்கொண்டிருந்த அக்காள் உள்ளேயிருந்து, "தம்பி, மூணாவது வாரம் அவரு எழுதினது நிக்காமச் சுத்திக்கிட்டே இருந்திச்சே, எண்ணிக்கையைக் கூட்ட மறந்துட்டாரு. நான் சரி பண்ணிட்டேன்" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டும் காட்டினாள். அத்தனை வாரமும் யாருக்குப் பாடம் நடந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனைக்கும் நான் படித்தவன்.

அடுத்த பருவத்துக்குள் அவள் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதிவிட்டாள். பதினெட்டு விவசாயிகள் கொண்ட கரும்பு வெட்டுக் கூட்டத்தில் யார் கரும்பை எந்த நாளில் வெட்டுவது, லாரி யாருக்கு முதலில் போவது என்பதைச் சர்தார் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். சர்தார் என்றால் அந்தக் கூட்டத்தின் தலைவர். வருடாவருடம் அந்த நோட்டால் கைகலப்பு வரும். அக்காள் விளைச்சல், பாதையின் ஈரம், போன வருட வரிசை எல்லாவற்றையும் கொடுத்து ஒரு பட்டியல் எடுத்தாள். சர்தார் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ரொம்ப நியாயமாக இருக்கிறது என்றார். மாமாவின் வயல் கடைசியில் இருந்தது.

"கம்ப்யூட்டர் நம்ம வீட்டுல இருக்குது. நம்ம கரும்பு கடைசியிலயா?" என்றார் மாமா.

"போன வருஷம் நாம முதல்ல வெட்டினோம்."

"ஒரே ஒரு வரி மாத்து. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்காள்.

அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. எனக்கு ஃபோன் செய்து, "உங்க அக்காகிட்ட சொல்லு, சோத்துல உப்பு இல்ல" என்றார். பட்டியல் மாறவில்லை. அந்த வருடம் கைகலப்பும் இல்லை. கூட்டத்தில் சிலருக்குப் பருவமே சப்பென்று போய்விட்டதாகக் கேள்வி.

அக்காளுக்கு வந்த உறுதியில் பாதிகூட எனக்கு அலுவலகத்தில் வந்ததில்லை. மேலாளர் ஒரு வரியை மாற்றச் சொன்னால், எந்த வரி சார் என்று கேட்பவன் நான். புரோகிராம் எழுதும் வேலை எப்படியெல்லாம் மாறும் என்று அப்போது நானும் பத்திரிகைகளில் வாசித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். இயந்திரமே எழுதும், பேசினாலே போதும், ஆறு வயதுப் பிள்ளையும் செய்யும் என்றெல்லாம். இருக்கலாம். யார் கரும்பைக் கடைசியில் போடுவது, அதைக் கட்டின புருஷனிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் எந்தப் பத்திரிகையிலும் வழி போட்டிருக்கவில்லை.

அதன்பிறகு அவள் பள்ளிக்கூடம் முடிந்து மாலை வகுப்புக்குப் போய் டிப்ளமா வாங்கினாள். டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்து அனுபவமும் காட்டினாள். விண்ணப்பம் அவள் பெயரில் போனது. அதில் மாமா 'சார்ந்திருப்பவர்' என்ற கட்டத்தில் வந்தார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். கூடப் போகிறவர் என்று சொல்லிவைத்தேன்.

குத்தகை முடிந்த வருடமே அனுமதி வந்தது. கடைசி அறுவடைக்குப் பிறகு வீட்டின் தகரக் கூரையைக் கழற்றி விற்றார்கள். மாமா ஒரு முழு நாள் வெறும் வயலில் வரப்பு வரப்பாக நடந்துவிட்டு வந்தார்.

நாடி விமான நிலையத்தில் புறப்பாட்டு அட்டையில் தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. "என்ன எழுத, மச்சான்?" என்றார். விவசாயி என்று எழுதச் சொன்னேன். "நிலம் எங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு, விவசாயி என்றே எழுதினார். அக்காள் யாரிடமும் கேட்காமல் 'புரோகிராமர்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த மாதமே என்னோடு வேலை பார்த்த இருவரும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி, இன்றிலிருந்து நீதான் தலைமைப் புரோகிராமர் என்றார். எனக்குக் கீழே யாரும் இல்லை. நாற்காலியை மட்டும் சன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.