நீர்யானைக்கு ஒரு சேதி

திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையில் ஞாயிறுதோறும் அவரைப் பார்ப்பேன். கிழக்கேகோட்டை ஓட்டலில் பரோட்டா போடுகிறவர். முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்புகள். மற்ற கூண்டுகளைத் திரும்பியும் பாராமல் நேரே நீர்யானைக் குளத்துக்கு வந்து, அந்த வாரத்துக் கதையையெல்லாம் திருநெல்வேலித் தமிழில் அதனிடம் சொல்வார்.

“அதுக்கு என்ன புரியும்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கேக்குதுல்லா சார், அது போதும்.”

போன மாதம் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். “இனி எனக்குத் திங்கக்கெழமதான் லீவு. அன்னைக்கி இங்க பூட்டியிருப்பாவ. அடுத்த வாரம் நீங்க வந்தா நான் இனி வரமாட்டேன்னு இதுகிட்ட சொல்லிருங்க சார். எனக்குச் சொல்ல வாய் வரல.”

சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னேன். நீர்யானை காதை அசைத்தது. அதன்பிறகும் கிளம்ப மனம் வரவில்லை. என் வாரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.